பீச்சாங்கைக்கு ஒரு அருவாள்

கூடப் பிறக்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லாத என் சூசை மச்சானுக்கு,

உன் தங்கச்சி புருஷன் சந்தியாகு சொல்லிக்கொண்டு வருகிறேன், கோயில் உபதேசியார் எழுதிக்கொண்டு வருகிறார். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். உனக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நாளைக்குக் கல்லறைத் திருநாளில் குழிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கிற மந்திரிப்பு முடிந்ததும் உன் தலைமாட்டில் நின்று உபதேசியாரே இதை வாசித்துவிடுவார். ஊரும் கூடித்தான் நிற்கும். நிற்கட்டும். உனக்குச் சொல்வதில் பாதி ஊருக்கும் சொல்ல வேண்டியது.

உபதேசியார் முதலில் ஒப்பவில்லை. "செத்தவுகளுக்குச் செபந்தான் போய்ச் சேரும் சந்தியாகு, கடுதாசி சேராது" என்றார். "அப்பச் செபத்துக்குள்ள மடிச்சு வச்சு அனுப்பிவிடுங்க அய்யா" என்றேன். சிரித்துக்கொண்டே மைக்கூட்டைத் திறந்தார்.

உனக்கு முதலில் தெரிய வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். பங்குனியில், காய்ச்சலோடு மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு, கம்பளிக்குள்ளிருந்து எடுத்து என் மடியில் வைத்தாயே ஓர் இரும்புத் துண்டு, அது என்ன ஆயிற்று? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் இரும்பைப் பற்றிப் பேசினால் உன் தங்கச்சி என்னை ஏசுவாள். வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு வலியும் இல்லை. என் மகன் ஆரோக்கியம் இன்னமும் அணை வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு கூடலூருக்கு வண்டி ஓட்டுகிறான். உன் செவலைக் காளையை நான் வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் மட்டும் திரும்புகிற அந்தக் காது, நான் கூப்பிட்டால் ஈ உட்கார்ந்தது போல ஒரு ஆட்டு ஆட்டுவதோடு சரி. மலைக்கு மேலே அணை ஏறிக்கொண்டேதான் இருக்கிறதாம். மேற்கே போகிற ஆற்றை மடக்கி நம் பக்கம் திருப்பப்போகிறார்கள் என்று ஊரில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றுதான் விளங்கவில்லை மச்சான். ஒரு ஆற்றையே மறுபக்கம் திருப்பலாம் என்று நம்புகிற ஊருக்கு, ஒரு பிள்ளையின் கை அது இருக்கிற பக்கமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏன் விட முடியவில்லை?

ஊர் கேட்டுக்கொண்டிருப்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். சவரியாயி உன் ஒரே மகள். என் மகனைக் கட்டி இப்போது எனக்கு மருமகள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே எல்லாம் பீச்சாங்கை. சோறு எடுப்பது, கல் எறிவது, சிலுவை போடுவது கூட. ஊர் சிரித்தது. கட்டிக்கொள்ள ஒருத்தன் வரமாட்டான் என்றது. நீ பயந்துபோனாய். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அவள் இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாய். நார்க்கயிறு அறுக்கும் என்று உன் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டினாய். அதை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்குக் கட்டினது தெரியும், எதைக் கொண்டு கட்டினாய் என்பது தெரியாது.

"எம் மகனுக்குத்தானே கட்டப்போறோம், கையை அவுத்து விடு மச்சான்" என்று நான் சொன்னதற்கு, "உன் வீட்டுக்கு வந்து அந்தக் கையால சோறு போட்டா, திங்கிறவன் உன் மொகத்துக்கு நேர சொல்லமாட்டான் மாப்ளே. எம் மொகத்துக்குத்தான் சொல்லுவான்" என்றாய். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் வலக்கையால் உண்ணக் கற்றுக்கொண்டாள். சிலுவை போடக் கற்றுக்கொண்டாள். கல்யாணம் ஆகி வந்த பிறகும் உன் எதிரில் அந்த இடக்கையை முந்தானைக்குள்தான் வைத்திருப்பாள். உன்னோடு சண்டை போட்டதில்லை. பேசினதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். உனக்கு அது தெரியாமலா இருந்தது?

ஆனால் அரிவாள் மட்டும் அவளுக்கு வலக்கையில் வரவே இல்லை. கதிர் அறுக்கிற கருக்கரிவாளுக்குப் பல் ஒரு முகத்தில்தான் வெட்டியிருக்கும். வலக்கையில் பிடித்தால் அந்தப் பல் நெல் தாளைக் கவ்வி இழுக்கும். அதையே இடக்கையில் பிடித்தால் பல் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். கவ்வாது, வழுக்கும். வழுக்கின அரிவாள் எங்கே போகும்? தாளைப் பிடித்திருக்கிற கைக்குத்தான். போன தை அறுப்பில் அப்படித்தான் வலக்கை விரலை அறுத்துக்கொண்டாள். நீ அப்போது மலைக்கு மேலே இருந்தாய். வண்டிக்காரனிடம் சேதி சொல்லி அனுப்பினேன்.

சேதியில் ஒன்றை விட்டுவிட்டேன். அறுப்புக்கு ஆள் கூட்டுகிற வீரணன் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றான்.

"ஆத்தா, உன் வேகத்தைக் குத்தம் சொல்லலே. வரிசையா நிக்கிற நெரையில எல்லாருக்கும் அருவா ஒரு பக்கம் வருது, உனக்கு மறுபக்கம் வருது. இன்னைக்கு உன் வெரலு. நாளைக்குப் பக்கத்துல நிக்கிறவ கையை அறுத்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்ல? அடுத்த அறுப்புக்குச் சோத்தாங்கையால அறுக்கிறதா இருந்தா வா. இல்லாட்டாக் களத்துல கூட்டிப் பெருக்கு."

விரலில் துணி சுற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "கூட்டிப் பெருக்கிறதுக்கும் எந்தக் கைன்னு இப்பவே சொல்லிருங்கண்ணே."

நம் வீட்டுப் பெண் ஒருத்தி நெரையில் நிற்காமல் களத்தில் குப்பை கூட்டுவதா என்று உன் தங்கச்சி அன்றைக்கு உலை வைக்கவில்லை. இந்த ஐப்பசி அறுப்பு வந்தால் சவரியாயிக்கு இடம் உண்டா இல்லையா என்பது அதிலிருந்து எங்கள் எல்லார் நெஞ்சிலும் முள்ளாகக் கிடந்தது.

பிறகு பங்குனி. உன்னை அடிவாரத்தில் இறக்கி விட்டிருக்கிறார்கள் என்று சேதி வந்து, நான் வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னை ஏற்றினேன். கம்பம் தாண்டுகையில் கண்ணைத் திறந்தாய். நீ பேசினதை நீயே மறந்திருப்பாய். உடம்பு அப்படிக் கொதித்தது. நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"மாப்ளே, மேல ஒரு கூத்து. பாறையில வெடிக்குழி போட ஒருத்தன் நீள உளியைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் நின்னு மாத்தி மாத்திச் சம்மட்டி போடணும். நான் உளி பிடிக்கிறவன். மூலையில பாறை வந்து முட்டுற எடத்துல, சோத்தாங்கைக்காரனுக ரெண்டு பேரு நின்னா ஒருத்தனுக்குக் கை வீச எடம் இருக்காது. அங்கன ஒரு பீச்சாங்கைக்காரன் வேணும். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஒருத்தன் இருந்தான். ‘எங்கே அவன், கூப்பிடு அவனை’ன்னு தொரையே நின்னு கத்துறாக."

"சரி, தண்ணி குடி" என்றேன்.

"அவன் சம்மட்டிக்குக் கீழதான் மாப்ளே என் ரெண்டு கையும் இருந்துச்சு. ஒரு நா கூடத் தப்பலே."

அதற்குப் பிறகு வெகுதூரம் காளையின் கழுத்து மணியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தோம். உத்தமபாளையம் ஆற்றைக் கடந்த பிறகுதான் கம்பளிக்குள் கை விட்டாய். வேட்டிக் கரையால் சுற்றிக் கட்டின ஒரு துண்டு. நம் ஊர்ப் பட்டறையில் காணாத இரும்பு. சீமை உருக்கு.

"ஒடிஞ்ச உளி. கேட்டுத்தான் வாங்கினேன், களவு இல்லே. சவரிக்கு ஒரு அருவா அடிச்சுக் குடு மாப்ளே. பீச்சாங்கைக்கு. அவளுக்குன்னே அடிச்சதா இருக்கணும். எங்கனயாச்சும் ஒருத்தன் இருப்பான் அடிக்கிறவன்."

"நீயே எந்திரிச்சு அடிச்சுக் குடு" என்றேன்.

"ஆச்சுன்னாச் சொல்லு. ஆகாட்டா அவகிட்ட மூச்சு விடாதே. அப்பன் ஒரு இரும்புத் துண்டைத் தூக்கிட்டு வந்தான்னு மட்டும் தெரிஞ்சு அவ என்ன பண்ண?"

நீ எழுந்திருக்கவில்லை. உன்னைக் குழிக்குள் இறக்கி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். உன் மகளும் போட்டாள். வலக்கையால் அள்ளி, ஒரு மணி சிந்தாமல் போட்டாள். "சூசை வளர்த்த வளர்ப்பு" என்று யாரோ பின்னால் மெச்சினார்கள். அவளுடைய சொந்தக் கையால் உனக்கு ஒரு பிடி மண் கூட வந்து சேரவில்லையே மச்சான். இந்த அரிவாள் ஆகாமல் போனால், நீ எதற்காக அந்த இரும்பைச் சுமந்து வந்தாய் என்பது என்னோடு மண்ணுக்குள் போய்விடும்.

முதலில் நம் ஊர் ஆசாரியிடம்தான் போனேன். "பீச்சாங்கைக்கு அடிச்சதில்லே. அடிச்சா இரும்பு வேணாம்னா சொல்லப்போகுது?" என்றார். நல்ல மனசு. உருக்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் காய்ச்சி, நீட்டி, வளைத்தார். அழகான வளைவு. பிறகு சிற்றுளியை எடுத்துப் பல் வெட்டத் தொடங்கினார். நான் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். முடித்துத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஆசாரி?"

"வழக்கமான முகத்துலயே வெட்டிட்டேன். இது சோத்தாங்கை அருவா." சிற்றுளியைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணு சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. கை கேக்கலே" என்றார்.

மீதிப் பாதியை நான் நீட்டினேன். கையை எடுத்துக் கும்பிட்டார். "எங்கிட்டக் குடுக்காதீக. திரும்பவும் இதைத்தான் அடிப்பேன். பாழாக்கிருவேன்."

வழியெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆயுசெல்லாம் இரும்போடு கிடக்கிற மனிதர், மனசார முயற்சி செய்கிறார், அவர் கையே அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் கை, கட்டிவைத்தால் மட்டும் கேட்டுவிடுமா? இதை நீ இருக்கும்போது நான் நினைத்திருந்தால் உனக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன்.

ஆகாமல் போன அரிவாளைக் கூரை எரவாணத்தில் செருகிவைத்தேன். மீதிப் பாதியைத் தானியக் குலுக்கைக்கு அடியில் ஒளித்தேன். மறுநாளே உன் தங்கச்சி எடுத்துக்கொண்டு வந்து முன்னால் போட்டாள். அவளிடம் எதைத்தான் மறைக்க முடிந்தது? சொல்லிவிட்டேன். அழுதாள். அழுது முடித்து, "சித்திரையில வீரபாண்டித் திருவிழா வருதுல்ல, அங்கன நாலு ஊரு ஆசாரி கடை போடுவாக, வாங்க போவோம்" என்றாள். கௌமாரியம்மன் நம் சாமி இல்லை என்றாலும் சந்தை எல்லாருக்கும் சந்தைதானே.

போனோம். ஆற்றோரம் வரிசையாக அரிவாள்கடை. முதல் கடைக்காரன், "யாருக்கு, இந்த ஆத்தாவுக்கா? கல்யாணத்துக்கு முன்னால பாக்கலையாக்கும்" என்று சிரித்தான். இரண்டாவது கடைக்காரன் ஓர் அரிவாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி, "இந்தா, பீச்சாங்கைக்கு ஆச்சு" என்றான். கடைசிக் கடையில் வயசானவர். அவர் சிரிக்கவில்லை. "இடதுக்கு அடிச்சு அது பட்டறையில கெடந்தா எனக்கு ஆகாது. வேற பக்கம் பாருங்க" என்றார்.

உன் தங்கச்சி விடுவாளா? "எந்தக் கையால துருத்தி இழுக்கிறீக?" என்று கேட்டாள்.

அவர் தன் கையைப் பார்த்தார். இடக்கை.

"அது மட்டும் ஆகுமாக்கும்" என்று சொல்லிவிட்டு வளையல் கடைக்குப் போய்விட்டாள். நெருப்பை ஊதுகிற கை இடது. அந்த நெருப்பில் வேகிற இரும்புக்கு இடது ஆகாது. இதை யாரிடம் சொல்லி விளங்கிக்கொள்வது?

அதற்குப் பிறகு சின்னமனூரில் கேட்டேன், பெரியகுளம் போனபோது கேட்டேன். எல்லாரும் ஒன்றே சொன்னார்கள்: இடதுக்கு அரிவாள் இல்லை. ஆடியும் போயிற்று. நட்ட பயிர் கணுக்காலைத் தாண்டி வளர்ந்தது. எனக்கு ஆசை விட்டுப்போயிற்று.

கடைசியில் வழிகாட்டியது உன் செவலைதான். தேனிச் சந்தைக்குப் போன இடத்தில் லாடம் கழன்று விந்தி நின்றுவிட்டது. ரயிலடியிலிருந்து அணைக்குச் சாமான் ஏற்றிவருகிற வண்டியெல்லாம் அந்தச் சாலையில்தானே வருகிறது. புளியமரத்தடியில் லாடக்காரர்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மீரா ராவுத்தர் என்று ஒருவர். செவலையைக் கயிறு போட்டுச் சாய்த்துக் குளம்பைச் சீவிவிட்டு, கையை நீட்டி ஒரு குவியலிலிருந்து ஒரு லாடம் எடுத்தார். பிறகு பக்கத்துக் குவியலிலிருந்து ஒன்று எடுத்தார்.

"ஏன் ராவுத்தரே, ரெண்டு குவியல்?"

"மாட்டுக் குளம்பு பிளந்துதானே கெடக்கு பெரியவரே. இந்தப் பிளவுக்கு அடிச்சது அந்தப் பிளவுக்குச் சேராது. இது இடது, இது வலது. காலையில இருந்து பொழுதடையிற வரைக்கும் நான் அடிக்கிறதுல பாதி இடதுதான்."

மச்சான், அரிவாள் அடிக்கிறவனையெல்லாம் தேடி அலைந்தேன். இடது அடிக்கிறவனைத் தேடவில்லை.

"ராவுத்தரே, இடக்கைக்கு ஒரு கருக்கரிவாள் அடிப்பீகளா?"

"நான் லாடக்காரன். அருவா அடிச்சா எங்க வாப்பா கபுருக்குள்ள இருந்து சிரிப்பாரு" என்றார். ஆனாலும் ஆணியை வாயில் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "யாருக்கு?"

சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு, "மாட்டைப் பாக்காம நான் லாடம் அடிக்கிறதில்லே. அந்தப் பிள்ளை கையைப் பாக்கணும். கூட்டிட்டு வாங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். அரிவாள் ஆனால்தான் அவளிடம் சொல்ல வேண்டும் என்பது உன் சொல். அவளுக்குத் தெரியாமல் அவள் கையை எப்படித் தேனிக்குக் கொண்டுபோவது? நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு காலையில் வீட்டுப் பின்சுவரில் சாணி வரட்டி காய்ந்துகொண்டிருந்தது. உன் மகள் தட்டினது. ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் பதிந்து, கட்டைவிரல் வலப்பக்கமாக நிற்கிறது. அந்த வேலைக்கு மட்டும் அவளை யாரும் எந்தக் கை என்று கேட்டதில்லை போலிருக்கிறது. நன்றாகப் பதிந்த ஒன்றைப் பேர்த்துத் துண்டில் கட்டிக்கொண்டேன்.

ராவுத்தர் துண்டை அவிழ்த்துப் பார்த்து, "ஒலைக்குக் கரி இருக்கு பெரியவரே, ஒத்தை வரட்டியைச் சுமந்துக்கிட்டா வந்தீக?" என்றார்.

"கையைக் கொண்டாரச் சொன்னீகள்ல. இந்தாங்க கை."

சுற்றியிருந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன் இடக்கையை அந்தப் பதிவுக்குள் வைத்துப் பார்த்தார். "சின்னக் கை. ஆனா அழுத்தம் இருக்கு. பிடி சன்னமா வேணும்" என்றார். பிறகு நம் ஆசாரி அடித்துப் பாழான அந்த அரிவாளைக் கேட்டார். கொண்டுபோயிருந்தேன். அதைக் கீழே வைத்து, பக்கத்தில் மண்ணில் ஒரு குச்சியால் அதற்கு எதிர்முகமாகக் கோடு இழுத்தார். "ஒரு குளம்புக்கு ரெண்டு லாடம். இதுக்கு ஜோடி அது. அவ்வளவுதானே."

மீதி உருக்கு அதற்குச் சரியாக இருந்தது. கொஞ்சம் தப்பினாலும் வேறு துண்டு இல்லை. காய்ச்சி அடித்து, மறுமுகத்தில் பல் வெட்டும்போது நான் வெற்றிலை போடவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். "சீமை உருக்கு. தண்ணியில முக்கினா வாயைப் பிளந்துரும்" என்றார். சீறி அடங்கிற்று. பிளக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன்: "இடது ஆகாதும்பாக. உங்களுக்கு அதெல்லாம் இல்லையா ராவுத்தரே?"

"ஆகாதுன்னு அந்தப் பக்கத்து லாடத்தை விட்டுட்டா, உங்க வண்டி ஊரு போய்ச் சேருமா?" என்றார்.

வீட்டுக்கு வந்து, நீ இரும்பைச் சுற்றியிருந்த அதே துணியில் அரிவாளைச் சுற்றி, அவள் சுளகு வைக்கிற இடத்தில் வைத்தேன். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று நான் வார்த்தை சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். அரிவாளைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைத்தான் தொட்டாள். விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க அய்யா வேட்டிக் கரை."

நான் சொல்லாமலே அவள் மணிக்கட்டுக்கு அது தெரிந்திருக்கிறது மச்சான்.

பிறகுதான் பிரித்தாள். இடக்கை தானாகப் போய்ப் பிடியில் உட்கார்ந்தது. கட்டைவிரலால் பல்லைத் தடவினாள், திருப்பினாள், மறுபடியும் தடவினாள். நான் சொன்னேன். வண்டி, மூலைப் பாறை, சம்மட்டிக்காரன், அவன் சம்மட்டிக்குக் கீழே இருந்த உன் கைகள், எல்லாம் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

"உசிரோட இருக்கையில கட்டிப் போட்டாரு. செத்தபெறகு அவுத்து விடுறாராக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். அடுப்பில் கஞ்சி பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். ஆனால் அரிவாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள். உன் தங்கச்சி பின்னாலேயே போகப் பார்த்தாள், நான் தடுத்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? நீ இருந்து கேட்டிருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்திருப்பாய்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே வீரணன் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, நெரையில இடது கோடி, வரப்போரம் எனக்கு வேணும். அங்கன நின்னா என் அருவா வரப்புப் பக்கம் போகும். யாரு கையும் குறுக்க வராது."

வீரணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது கோடி நெரை பிடித்துக்கொடுக்கிறவனுடைய இடம். அவன்தான் முன்னால் போவான், மற்றவர்கள் அவனைப் பார்த்து வருவார்கள். "ஏத்தா, எங்க அய்யா நின்ன எடம் அது" என்றான்.

"எங்க அய்யா குடுத்த அருவா இது" என்றாள்.

நான் கேட்டேன் மச்சான், என் காதால். எங்க அய்யா குடுத்த அருவா என்றாள்.

வீரணன் அதை வாங்கிப் பார்த்தான். வலக்கையில் பிடித்து வீசிப் பார்த்து, "என்ன எழவு இது, கையில நிக்க மாட்டேங்குது" என்றான்.

"எனக்கு இத்தனை நாளும் அப்படித்தாண்ணே இருந்துச்சு."

அவன் சிரித்துவிட்டான். "சரி. முதல் வயல் பாப்பேன். பிந்தினாக் களத்துக்குப் போயிரணும்." பிறகு மோவாயைத் தடவிக்கொண்டு, "ஆனா உனக்குப் பக்கத்துல யாரு நிப்பா? பொம்பளையாளுக ஒருத்தியும் வரமாட்டேங்கிறா. போன தடவை ரெத்தத்தைப் பாத்தவளுக" என்றான்.

"நான் நிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா? குனிஞ்சா நிமிருவீகளா பெரியப்பா?"

"நிமிராட்டா அப்படியே அறுத்துக்கிட்டே போறேன்."

நேற்றைக்குக் கல்லறைத் திருநாளுக்காக எல்லாரும் அவரவர் ஆட்களின் குழியைச் சுத்தம் செய்யப் போனோம். இந்த மழையில் உன் மேல் புல் முழங்கால் உயரம் மண்டிக் கிடந்தது. நான் குனியப் போனேன். "நீங்க தள்ளுங்க மாமா" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலக்கையால் புல்லைக் கொத்தாகப் பிடித்து, இடக்கையால் இழுத்தாள். அந்த அரிவாள் முதன்முதலில் அறுத்தது உன் புல்தான். வழுக்கவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் நிமிராமல் போனாள். அழுதாளா என்று கேட்காதே, முகம் எனக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டு மண்ணில் கையை ஊன்றி எழுந்தாள். இடக்கை.

திரும்பும்போது பார்த்தேன். கல்லறைத்தோட்டம் முழுக்க எல்லார் மேலும் அறுத்த புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உன் மேல் கிடந்தது மட்டும் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தது. யார் வந்து அறுத்தார்கள் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அறுப்பு. அவள் பிந்துவாளா முந்துவாளா என்று எனக்குத் தெரியாது. புது அரிவாள், புது இடம். வீரணன் கண்ணும் பொல்லாதது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆசாரி கை கேட்காமல் அடித்துக் கொடுத்த அந்த வலக்கை அரிவாள் என்னிடம் இருக்கிறது. உன் இரும்பின் ஒரு பாதி அவளிடம், ஒரு பாதி என்னிடம். அவள் வரப்போரம் நிற்பாள், நான் அவளுக்கு வலப்பக்கம் நிற்பேன். அவள் அரிவாள் அந்தப் பக்கம் போகும், என் அரிவாள் இந்தப் பக்கம் போகும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே தாளைப் பிடிக்கிற வெறுங்கைகள் மட்டும்தான் இருக்கும். என் முதுகால் குனிய முடிகிற வரைக்கும் அந்த இடத்தை நான் வேறொருவருக்கு விடமாட்டேன். குனியாமல் போகிற அன்றைக்கு, அவளுக்குப் பக்கத்தில் நிற்க இன்னொரு ஆளைச் சேர்த்துவிட்டுத்தான் உன் பக்கத்தில் வந்து படுப்பேன்.

உன் தங்கச்சியின் புருஷன், உன் மகளின் மாமன், அவளுக்கு வலப்பக்கத்து நெரைக்காரன்,
சந்தியாகு